பள்ளியில் ஆக்குபேஷனல் தெரபி (எழுதுவது, உட்காருவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சை): ஆசிரியர், பெற்றோர், தெரபிஸ்ட் கேட்டவை

கேள்வி: மூன்றாம் வகுப்பு மாணவி. கரும்பலகையைப் பார்த்து எழுத ரொம்ப நேரம் எடுக்கிறாள். பென்சிலை நான்கு விரலால் பிடிக்கிறாள். பிடியை மாற்றினால் சரியாகுமா?

பதில்: பிடியை விட்டுவிடுங்கள். மூன்று விரலோ நான்கு விரலோ, வேகத்திலும் தெளிவிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. விரல் வலிக்கிறது, நகம் வெளுக்கும்படி அழுத்துகிறாள் என்றால் மட்டும் அதில் கை வைக்கலாம்.

தடை எங்கே என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரே அளவு கடினமான நான்கு வரிப் பகுதிகள் மூன்று எடுங்கள். ஒன்றைப் பலகையைப் பார்த்தும், இன்னொன்றைப் பக்கத்தில் வைத்த புத்தகத்தைப் பார்த்தும், மூன்றாவதை நீங்கள் சொல்லச் சொல்லவும் எழுதட்டும். கடைசியாக, மனப்பாடமான ஒரு குறள். நடுவில் ஓய்வு கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைக் குறியுங்கள்.

பலகையில் மட்டும் தடுமாறினால் முதல் வேலை கண் பரிசோதனை. கண்ணில் குறையில்லை என்றால், ஒருமுறை நிமிர்ந்து பார்த்து எத்தனை எழுத்து எழுதுகிறாள் என்று எண்ணுங்கள். 'பள்ளிக்கூடம்' எழுத ப, ள், ளி என்று எழுத்துக்கு எழுத்து தலை நிமிர்கிறதா? சொல்லை முழுதாகப் படித்து மனதில் நிறுத்த முடியவில்லை என்று சந்தேகிக்கலாம், வாசிப்பையும் சோதியுங்கள். சொல்வதை எழுதும்போது மட்டும் திணறினால் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். குறளுக்கும் அதே இழுபறி, எழுத்துப்பிழையும் இல்லை என்றால்தான் கையசைவின் பக்கம் போக வேண்டும். அப்போதும் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தால் கையெழுத்து மாறாது. ண, ஞ, கூ என்று எந்த எழுத்து சிக்குகிறதோ அதையே தினமும் பத்து நிமிடம், சொல்லுக்குள் வைத்து எழுத வேண்டும்.

கேள்வி: இரண்டாம் வகுப்புப் பையன் பெஞ்சில் உட்காரவே மாட்டேன் என்கிறான். எடை வைத்த மேலங்கி வாங்கலாமா?

பதில்: வேண்டாம், காசு மிச்சம். அது கவனத்தைக் கூட்டும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. கால் தரையில் படுகிறதா என்று பாருங்கள். தொங்கினால் காலுக்கடியில் ஒரு பலகைக்கட்டை போடுங்கள். பிறகு ஐந்து நாள், எந்தப் பாடவேளையில், என்ன வேலையின்போது எழுந்தான் என்று ஆசிரியரைக் குறிக்கச் சொல்லுங்கள். எழுதும் நேரத்தில் மட்டும் எழுந்தால் அவன் தப்பிப்பது எழுத்திலிருந்து. நாள் முழுக்க அப்படியே என்றால் நோட்டு விநியோகம், பலகை துடைப்பது என்று நடமாடும் வேலையை இடையிடையே கொடுக்கலாம். வீட்டிலும் அதே நிலை நீடித்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நான் தெரபிஸ்ட். மாதம் இருமுறைதான் ஒரு பள்ளிக்குப் போக முடிகிறது. தனியறையில் பயிற்சி கொடுப்பதா, வகுப்பில் உட்காருவதா?

பதில்: வகுப்பில். மாதம் இரண்டு பயிற்சியில் எந்தத் திறனும் ஊறாது. தினமும் செய்ய வேண்டியதை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். புது உத்தியைச் சோதித்துப் பார்க்க மட்டும் தனியறை போதும். இலக்கை 'கைவலிமை கூட வேண்டும்' என்று எழுதாதீர்கள். 'பலகையில் உள்ள ஐந்து வரியைப் பத்து நிமிடத்தில் எழுதுவான்' என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இருக்கை, நோட்டு, பென்சில் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. ஆறு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் ஊகம் தப்பு என்று வைத்துக்கொண்டு மறுபடி கவனியுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மகனுக்குக் கற்றல் குறைபாடு. எழுத்துப் பயிற்சியைத் தொடரலாமா, தேர்வுக்கு எழுத்தர் (அவன் சொல்லும் விடையை எழுதித் தருபவர்) கேட்கலாமா?

பதில்: இந்த வயதில் சலுகைக்கே முதலிடம். கூடுதல் நேரம், எழுத்தர் வசதி இரண்டையும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. விடை தெரிந்தும் நேரம் போதவில்லையா, கூடுதல் நேரம் போதும். எழுதியதை அவனாலேயே படிக்க முடியவில்லையா, எழுத்தர் வேண்டும். மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியே பத்தாம் வகுப்புத் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். வாய்விட்டு விடை சொல்லி எழுதவைப்பது தனித் திறன். மாதத் தேர்வுகளிலேயே பழக்குங்கள்.