துடுப்புப் பழகக் கழகம் எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

தொண்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊரில் துடுப்புப் படகுக் கழகம் ஒன்று தொடங்க வேண்டுமென்று நானும் ஏழெட்டு இளைஞர்களும் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஊர்க்கூட்டத்தில் சொன்னபோது பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். "கடக்கரையில பொறந்த புள்ளைக்குத் துடுப்புப் போடச் சொல்லிக் குடுக்கணுமா? அந்தக் காசுக்கு நாலு வாலிபாலும் ஒரு நெட்டும் வாங்கிப் போடுங்க சார்" என்றார் ஒருவர். இன்னொருவர், அது சென்னையில் பணக்காரர்கள் விளையாடுவது என்றார். வருடத்துக்கு ஒரு தடவை பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறதே, அது போதாதா என்று தலைமையாசிரியரும் கேட்கிறார். எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இதனால் எங்கள் ஊர் விளையாட்டுக்கு உண்மையில் என்ன கிடைக்கும்? நீங்கள் மண்டபத்துக்காரர் என்பதால் கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரியவர்கள் சிரித்ததில் தப்பில்லை. அவர்கள் கைக்குத் துடுப்புத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கல்லூரி விடுமுறையில் ஒருநாள் சித்தப்பாவின் வத்தையில், அதாவது நாட்டுப்படகில், வடகடலுக்குப் போனோம். அவரோடு நாங்கள் மூன்று பேர், எல்லோருக்கும் இருபது வயதுதான். திரும்பும்போது இன்ஜின் நின்றுவிட்டது. கரையும் தென்னைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆளுக்கொரு துடுப்பை எடுத்து வலித்தோம். பத்து நிமிடத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது, வத்தை நின்ற இடத்திலேயே சுற்றியது. சித்தப்பா இன்ஜினை விட்டுவிட்டு வந்து என்னை நகரச் சொல்லி உட்கார்ந்தார். குதிகாலைக் குறுக்குக் கட்டையில் ஊன்றிக்கொண்டு, "கையால வலிக்காதடா, காலால வலி" என்றார். முதலில் கால் உதைத்தது, பிறகு முதுகு சாய்ந்தது, கடைசியாகத்தான் முழங்கை மடங்கியது. துடுப்பு தண்ணீருக்குள் போகிற சத்தமே கேட்கவில்லை. வெளியே வந்ததும் மணிக்கட்டை லேசாகத் திருப்பிப் பலகையைப் படுக்க வைத்தார், எதிர்காற்று பிடிக்காமலிருக்க.

பல வருடம் கழித்து ஒரு துடுப்புப் படகுப் பயிற்சியாளர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தேன். கால், முதுகு, கை. அதே வரிசை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றுவரை சித்தப்பா அதை எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை, இன்ஜின் வந்தபின் அதற்குத் தேவையும் வரவில்லை. ஒரே தலைமுறையில் கையை விட்டுப் போன வித்தை இது. கேட்டவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நம்பவில்லையென்றால் பத்தாம் வகுப்புப் பையன்கள் நான்கு பேரை ஒரு வத்தையில் ஏற்றித் துடுப்பைக் கையில் கொடுங்கள்.

பாய்மரப் போட்டியைப் பற்றிக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது. தொண்டி, நம்புதாளைப் பக்கம் பாய் விரித்து வத்தைகள் புறப்படும்போது கரையே கூடி நின்று கத்தும். ஆனால் அன்று சாயங்காலம் பரிசைக் கொடுத்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது. வத்தை உள்ளவர்கள், வளர்ந்த ஆண்கள், அவர்கள் மட்டுமே ஓட்டுகிறார்கள். வத்தை இல்லாத வீட்டுப் பையனும் பெண் பிள்ளைகளும் கரையில் நின்று பார்க்கிறார்கள். எந்த விசேஷமும் இல்லாத செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு படகு இருக்கிறது என்று ஆக்குவதுதான் கழகத்தின் வேலை. படகு ஊருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், ஒரு படகு முதலாளிக்கோ ஒரு கட்சிக்காரருக்கோ அல்ல.

பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சுக்கும் காரணம் உண்டு. அடையாற்றில் இருக்கும் மெட்ராஸ் போட் கிளப் 1867ல் தொடங்கியது. நம் ஊரில் இந்த விளையாட்டின் முகம் நெடுங்காலம் அதுதான். ஆனால் ஸ்காட்லாந்தின் மீன்பிடி ஊர்களில் நடந்தது வேறு. ஆன்ஸ்ட்ரதரில் உள்ள மீன்பிடி அருங்காட்சியகம் 2009ல் 22 அடிப் படகு ஒன்றை வடிவமைக்கச் சொன்னது. நான்கு பேர் வலிக்க, ஒருவர் சுக்கான் பிடிக்க. ஒட்டுப்பலகைத் துண்டுகளை வாங்கி ஊர்க்காரர்களே கொட்டகையில் சேர்ந்து கட்டினார்கள். தச்சர், ஆசிரியை, ஓய்வு பெற்றவர், எல்லோரும். ஊருக்கு ஊர் அந்தப் படகு பரவியது. 2013ல் உல்லாபூலில் அதற்கென்றே உலகப் போட்டி நடத்தினார்கள்.

ஆகவே பந்தயப் படகின் விலையைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ஒற்றையாள் பந்தயப் படகு சுமார் 8 மீட்டர் நீளம், 14 கிலோ எடை. ஏரிக்கும் ஆற்றுக்குமானது, நம் அலையில் நிற்காது. கடலுக்கென்று தனியாக அகலமான படகு உண்டு, அதில் ஒற்றையாள் படகே குறைந்தது 35 கிலோ. அதுவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வருடத்துக்குப் பழைய ஃபைபர் வத்தை ஒன்று போதும். துடுப்பு மாட்டும் முளையையும் கால் ஊன்றும் கட்டையையும் உங்கள் ஊர் ஆசாரியே அடித்துக் கொடுப்பார்.

இந்தக் கடல் படகுப் போட்டி 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக வருகிறது. மணலில் ஓடிவந்து படகில் ஏற வேண்டும். மிதவைகளைச் சுற்றி வளைந்து 250 மீட்டர் போய்த் திரும்பி நேராக வலித்துக் கரைக்கு வந்து, குதித்து மறுபடி ஓட வேண்டும். கூட்டாளிகள் இடுப்பளவுத் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முதல்முறை படித்தபோது, இதை நம் பிள்ளைகள் தினமும் செய்கிறார்களே என்றுதான் தோன்றியது. பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி ஒன்றை அரசு அறிவித்திருக்கிறது. கரையோரக் கழகங்களிலிருந்து பிள்ளைகள் போகாவிட்டால் அங்கே வெளியூர்ப் பிள்ளைகள்தான் இருப்பார்கள்.

உயரம் குறைந்தவன், கபடியில் சேர்க்காதவன், பதினாறு வயதில் முதன்முதலாக மைதானத்துக்கு வருபவள், எல்லோருக்கும் படகில் இடம் உண்டு. மகாராஷ்டிரத்து வறண்ட ஊர்க்காரர் தத்து போகனள். தண்ணீரைக் கண்டால் பயந்தவர், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைப் பிடித்தார். 2016 ரியோவில் 13ஆம் இடம், 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்கிறேன். பெண் பிள்ளைகளை எப்போது சேர்க்கப்போகிறீர்கள்? பெண் படகில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசியெடுக்கப் படகேறிப் போகிறவர்கள்தான், அவர்களால் எந்தக் கடலும் கெட்டுப்போகவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளினால் அது பிறகு வரவே வராது. முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

காற்று விஷயத்தில் கவனம் வேண்டும். எங்கள் மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல், தென்கடல் பொங்கினால் வடகடலுக்கு நடந்தே போய்விடுவோம். உங்களுக்கு ஒரே கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் உங்கள் கடல் தட்டுப்போல் கிடக்கும், அதை நம்பக் கூடாது. அந்தக் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும், களைத்த பிள்ளையைத் திரும்ப விடாது. விடியற்காலையில் இறங்கி, கரையை ஒட்டியே வலிக்கட்டும். நீச்சல் தெரியாமல், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகு இறங்கவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். சிரித்த பெரியவர்களையும் சேர்த்து அவர்களையே சொல்லித்தரக் கூப்பிடுங்கள். கேட்டால் வருவார்கள், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

வாடை தொடங்கியதும் உங்கள் கடல் கொந்தளிக்கும். அந்த மாதங்களில் படகைக் கவிழ்த்து வைத்துவிடாதீர்கள். அதே மழையில்தான் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் நிறைகிறது, நாரையும் பறந்து கடக்க முடியாத அளவு பெரியது என்பதால் ‘நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்’ என்று பெயர் பெற்றது. ஒலிம்பிக்கின் வழக்கமான தூரமான 2000 மீட்டர் நேர்கோடு அங்கே தாராளமாகக் கிடைக்கும். நீர்வளத் துறையிடம் அனுமதி வாங்கி, பறவைகள் அடையும் பக்கத்தை விட்டுவிட்டு, படகை டாட்டா ஏஸில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கடற்கரைப் பையனும் விவசாயி வீட்டுப் பையனும் நம் மாவட்டத்தில் பஸ்ஸில் மட்டும்தான் ஒன்றாக உட்கார்கிறார்கள். அங்கே ஒரே படகில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வலிக்கட்டும்.

கார்த்திகைக்குள் கண்மாய் நிறைந்தால் ஒரு வரி எழுதுங்கள். சித்தப்பாவின் துடுப்புகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்