சிவப்புக் கார் வாங்கினால் போலீஸ் மடக்குமா?

(போக்குவரத்துப் பிரிவில் சார்பு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: ஐயா, சிவப்பு நிறக் காருக்கு முன்பணம் கட்டப் போகிறேன். "சிவப்பு வண்டின்னா போலீஸ் கண்ணுல சட்டுனு படும். செக்கிங்ல முதல்ல உன்னைத்தான் ஓரங்கட்டுவாங்க. பேசாம வெள்ளை எடு" என்கிறார் தாய்மாமா. இது உண்மையா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் சிவப்பே எடுங்கள் அம்மா. மதுரை ரிங் ரோட்டில் ராத்திரி செக்கிங் நிற்கும்போது, வருகிற வண்டியில் எங்களுக்குத் தெரிவது இரண்டு ஹெட்லைட் மட்டும்தான். சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் கருஞ்சிவப்பும் கருநீலமும் ஒன்றுபோல இருக்கும். வண்டி பேரிகேட் பக்கம் வந்த பிறகு கண் போவது முன் கண்ணாடிக்கு. டிரைவர் பெல்ட் போட்டிருக்கிறாரா, கையில் போன் இருக்கிறதா, கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்போம். ஃபிலிமுக்கு 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. அடுத்தது நம்பர் பிளேட். எழுத்தை வளைத்து, சுழித்து எழுதியிருந்தால் கை தானாக உயரும். எங்களைக் கண்டதும் சடாரென்று பிரேக் அடிப்பவரையும் பக்கத்துச் சந்துக்குள் வண்டியைத் திருப்புபவரையும் விடவே மாட்டோம்.

பெயின்ட் நிறத்தைப் பார்த்து நிறுத்துகிற நேரமும் உண்டு. "செயின் அறுத்தவன் வெள்ளைக் காரில் போகிறான்" என்று மைக்கில் தகவல் வரும். முழு நம்பர் கிடைத்திருக்காது. அப்போது வருகிற வெள்ளைக் கார் அத்தனையையும் நிறுத்தத்தான் வேண்டும். நம் ரோட்டில் அதிகம் ஓடுவதும் வெள்ளைதான். அந்த நேரத்தில் உங்கள் மாமா சொல்லும் வண்டி வரிசையில் நிற்கும். உங்கள் சிவப்பு வண்டியைப் போகச் சொல்லிக் கைகாட்டுவோம்.

சிவப்பு பற்றிய இந்தப் பேச்சு அமெரிக்காவிலும் ரொம்பப் பழசு. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் நாளிதழ் 1990-ல் 924 அபராதச் சீட்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்தது. ரோட்டில் சிவப்புக் கார்கள் எந்த அளவில் ஓடினவோ, ஏறக்குறைய அதே அளவில்தான் சீட்டும் வாங்கியிருந்தன. இப்போது வேகத்தைப் பிடிப்பது பெரும்பாலும் கேமரா. அது படிப்பது நம்பரை. சென்னையில் 2023 நவம்பரிலிருந்து காருக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருவில் 30. தாண்டினால் எந்த நிறத்துக்கும் சலான் வரும்.

உண்மையாகவே மடக்கப்படுகிற நிறம் ஒன்று இருக்கிறது. அது மஞ்சள் போர்டு. பர்மிட், எஃப்சி, வரி என்று வாடகை வண்டிக்குக் காகிதம் அதிகம். அதனால் நிறுத்துவதும் அதிகம். விமான நிலையத்துக்கு நேரமாகிறது என்று பின்சீட்டில் குடும்பம் தவிக்கும். டிரைவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடி வருவார். காகிதம் எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த செக்போஸ்ட்டில் திரும்பவும் அதே கதை. நம்பரைத் தட்டினால் எல்லா விவரமும் போனிலேயே வந்துவிடுகிற காலத்தில் இது அநியாயம். பணியில் இருக்கும் தம்பிகளுக்கும் இதைத்தான் சொல்லி வருகிறேன்.

வெள்ளை எடுக்க வேறு ஒரு நியாயம் இருக்கிறது. அதை மாமாவிடம் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007-ல் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தது. பகல் வெளிச்சத்தில் வெள்ளையைவிடக் கருப்புக் கார் விபத்தில் சிக்கும் வாய்ப்பு 12 சதவீதம் கூடுதல். சாம்பல், வெள்ளி நிறங்கள் அதற்கு அடுத்து. சிவப்பில் வித்தியாசம் அதைவிடக் குறைவு. நீங்கள் திண்டுக்கல்காரர், கொடைக்கானல் மலைப்பாதையில் போய்வருவீர்கள். பனி இறங்கினால் பகலிலும் லோ பீமில் ஹெட்லைட் போடுங்கள். எதிரே வரும் பஸ் டிரைவருக்கு உங்கள் வண்டி தெரிய வேண்டும்.

கேள்வி: வெள்ளி நிறக் காரைப் பழையதாக வாங்கி, கருப்பு ஸ்டிக்கர் முழுக்க ஒட்டிவிட்டேன். செக்கிங்கில் ஆர்சியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் விசாரித்தார்கள். பெயின்ட் அடிக்கவில்லையே, இதுவும் தப்பா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆர்சியில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது. ஆர்சியில் வெள்ளி, நேரில் கருப்பு என்றால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். நானாக இருந்தாலும் பானட்டைத் திறக்கச் சொல்லி சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருப்பேன். ஆர்டிஓ அலுவலகத்தில் மனு கொடுத்து நிறத்தை மாற்றிப் பதியுங்கள். வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியிடம் தடையில்லாச் சான்று கேளுங்கள். இன்சூரன்ஸுக்கும் தகவல் கொடுங்கள். அடுத்த முறை நிறம் மாற்றினால் ராணுவப் பச்சை மட்டும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. ஆர்டிஓவிலும் பதிய மாட்டார்கள்.