1940-இல் ஏன் ஆறு மாதக் கணக்கு? போர்க்கால ரிசர்வ் வங்கியின் ஏடுகளை வாசிப்பது எப்படி

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால ரிசர்வ் வங்கி பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். ஆண்டறிக்கைகளை வைத்து அட்டவணை போட்டால், 1939-க்கு அப்புறம் 1940 ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதம்தான் வருகிறது. அடுத்து 1940–41 வந்துவிடுகிறது. அந்த ஆறு மாதத்தை இரண்டால் பெருக்கி ஓர் ஆண்டாக்கிவிடலாமா? இன்னொரு சந்தேகம்: மத்திய இயக்குநர் வாரியம் எடுத்த முடிவுகளைப் பார்த்தால் கணக்கு முடிப்பது, பங்காதாயம், இயக்குநர் தேர்தல் என்றே போகிறது. போரைக் காணோம். நான் தப்பான இடத்தில் தேடுகிறேனா?
– ஆய்வு மாணவி, மதுரை

பதில்: முதலில் அட்டவணை. பெருக்க வேண்டாம்.

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது. அப்போது அதன் கணக்காண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதனால் உங்கள் அட்டவணையின் முதல் வரியான 1935-உம் முழு ஆண்டு இல்லை, ஒன்பது மாதம்தான். இதைக் கவனித்தீர்களா? 1940 மார்ச் 11-ஆம் தேதி கணக்காண்டை ஜூலை முதல் ஜூன் வரை என்று மாற்றினார்கள். நடுவில் விழுந்த ஆறு மாதம் தனிக் கணக்காக நிற்கிறது. விவசாயப் பருவத்தோடு ஒத்துப்போவதற்காக மாற்றினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

பெருக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் அந்தப் பருவம்தான். அறுவடை முடிந்து நெல்லும் பருத்தியும் கடலையும் சந்தைக்கு வரும் மாதங்களில் பணம் நகரத்திலிருந்து கிராமத்துக்கு ஓடும், வங்கிகள் கை நீட்டும், வட்டி ஏறும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சுறுசுறுப்பான பருவம், மே முதல் அக்டோபர் வரை மந்தமான பருவம் என்று வங்கித்துறையில் சொல்வார்கள். ஜனவரி–ஜூனில் நான்கு மாதம் சுறுசுறுப்பு, இரண்டே மாதம் மந்தம். இதை இரண்டால் பெருக்கினால் எட்டு மாத அறுவடை கொண்ட, நடக்காத ஓர் ஆண்டை உண்டாக்கிவிடுவீர்கள். அந்த வரியை ‘ஆறு மாதம்’ என்ற குறிப்போடு அப்படியே விடுங்கள். மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் வாரக் கணக்கறிக்கைக்குப் போங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இந்த மாதிரிச் சிக்கல் நம் காலத்திலும் வந்தது. 2020–21-இல் ரிசர்வ் வங்கி தன் கணக்காண்டை மீண்டும் மாற்றி ஏப்ரல்–மார்ச்சுக்கு வந்தது. அதனால் 2020 ஜூலை முதல் 2021 மார்ச் வரை ஒன்பது மாதத்துக்கு ஒரு கணக்கு. அந்த ஒன்பது மாதத்துக்கு மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி 99,122 கோடி ரூபாய். அடைப்புக்குறிக்குள் ‘ஒன்பது மாதம்’ என்று போடாமல் அந்தத் தொகையை மற்ற ஆண்டுகளின் வரிசையில் வைத்தால் அது எவ்வளவு தப்பான செய்தியைச் சொல்லும் என்று பாருங்கள். 1940-க்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தேடும் இடம் சரியானதுதான். தேடும் பொருளில்தான் சிக்கல். ‘போருக்காக இவ்வளவு நோட்டு அச்சிடுவோம்’ என்று வாரியம் போட்ட தீர்மானம் எங்கோ இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அப்படி ஒன்று தேவைப்படவே இல்லை. அதுதான் இந்தக் காலத்தின் மிக முக்கியமான விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் 40, 41-ஆம் பிரிவுகளில் ஒரு கடமையை வைத்திருந்தது: யார் ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்டு நாணயம்) கொண்டுவந்தாலும் ரூபாய்க்கு 18 பென்ஸ் என்பதை ஒட்டிய விலையில் வாங்கிக்கொள்ள வேண்டும்; கேட்டால் விற்கவும் வேண்டும். போர் வந்ததும் பிரிட்டன் இந்தியாவில் துணி, தானியம், உருக்கு, கூடாரம் என்று வாங்கிக் குவித்தது. படைச் செலவிலும் ஒரு பங்கை ஏற்றது. அதற்கான பணம் லண்டனில் ஸ்டெர்லிங்காக ரிசர்வ் வங்கியின் கணக்கில் விழுந்தது. இங்கே அதற்கு ஈடாக ரூபாய் நோட்டு வெளியே போனது. யாரும் கை தூக்கி வாக்களிக்க வேண்டியதில்லை, சட்டமே செய்துவிடும். போர் தொடங்கியபோது புழக்கத்தில் இருந்த நோட்டு 180 கோடி ரூபாய் அளவில்; முடிந்தபோது 1,100 கோடியைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டுகள் முழுக்க வங்கி வட்டி விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 3 சதவீதம். 1935 நவம்பர் 28-இல் வைத்த அந்த விகிதத்தை 1951 நவம்பர் வரை தொடவே இல்லை. போரும், வங்கப் பஞ்சமும், விடுதலையும், பிரிவினையும் அதற்குள் அடங்கிவிட்டன. வட்டி விகித முடிவுகளில் போரைத் தேடினால் வெறும் வெள்ளைத் தாள்தான் கிடைக்கும்.

வாரியம் எப்படிப்பட்டது என்பதையும் மனதில் வையுங்கள். அப்போது ரிசர்வ் வங்கி தனியார் பங்குதாரர்களின் வங்கி. மூலதனம் 5 கோடி ரூபாய், பங்கு ஒன்று 100 ரூபாய். கவர்னர், துணை கவர்னர்கள் இருவர், அரசு நியமிக்கும் நால்வர், பங்குதாரர் சார்பில் எட்டுப் பேர், வாக்குரிமை இல்லாத அரசு அதிகாரி ஒருவர். அந்த எட்டில் பம்பாய், கல்கத்தா, டெல்லிக்கு இரண்டிரண்டு; சென்னைக்கு ஒன்று, ரங்கூனுக்கு ஒன்று. ஆண்டுக்கு ஆறு கூட்டமாவது நடத்த வேண்டும் என்பது சட்டம். ஆகவே தேர்தலும் பங்காதாயமும் கணக்கு முடிப்பும் குண்டு விழுந்தாலும் நடந்தாக வேண்டிய வேலைகள். அவற்றைச் சலிப்பு என்று ஒதுக்காதீர்கள்.

இனி வாரக் கணக்கறிக்கை. சட்டத்தின் 53-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு வாரமும் வங்கி தன் நிலையை அரசுக்கு அனுப்ப வேண்டும். அது அரசிதழில் வெளியாகும். நோட்டு வெளியிடும் வெளியீட்டுத் துறைக்கு ஒன்று, மற்ற வங்கி வேலைகளைப் பார்க்கும் வங்கித் துறைக்கு ஒன்று. ஒரு பக்கம் பொறுப்பு, மறு பக்கம் சொத்து. 1939 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமைக் கணக்கையும் 1945 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமைக் கணக்கையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான் பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை இதுதான். தலைப்புகள் அப்படியேதான் இருக்கும். ஆனால் அந்தத் தலைப்புகளுக்குள் இருந்த பொருள் ஒவ்வொன்றாக மாறிப்போயிருக்கும்.

‘ரூபாய் நாணயம்’ என்ற வரியைப் பாருங்கள். 1939-இல் அது வெள்ளிதான். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்ததும் மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயை வாங்கிப் பதுக்கத் தொடங்கினார்கள். ஜூன் 25-இல், சொந்தத் தேவைக்கும் தொழில் தேவைக்கும் மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று அரசு அறிவித்தது. ஜூலை 24-இல் ஒரு ரூபாய் நோட்டு வெளியே வந்தது. நாணயம் சேர்ப்பவர் யாரிடமாவது 1940 என்று தேதியிட்ட நோட்டு இருந்தால் வாங்கிப் பாருங்கள்: ஆறாம் ஜார்ஜ் தலை பொறித்த நாணயத்தின் படம், ‘இந்திய அரசு’ என்ற எழுத்து, அரசின் நிதிச் செயலர் சி. ஈ. ஜோன்ஸ் கையெழுத்து. ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்து இருக்காது, ஏனென்றால் அது வங்கியின் நோட்டே இல்லை. சட்டப்படி அது ‘ரூபாய் நாணயம்’. ஆகவே அந்தத் தேதிக்குப் பின் வங்கியின் கையிருப்பில் ‘ரூபாய் நாணயம்’ என்ற வரியில் இருப்பதில் ஒரு பங்கு காகிதம்! இது தெரியாமல் அந்த எண்ணை ‘வெள்ளிக் கையிருப்பு’ என்று எழுதிய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

அடுத்து ‘ரூபாய்ப் பத்திரங்கள்’, அதாவது இந்திய அரசு ரூபாயில் வாங்கிய கடனுக்கான பத்திரங்கள். நோட்டுக்கு ஈடாக வைக்கும் சொத்தில் இவை கால் பங்கு அல்லது 50 கோடி, இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டக் கூடாது என்று 33-ஆம் பிரிவு சொல்லியிருந்தது. அரசின் அனுமதியோடு இன்னும் 10 கோடி வைக்கலாம். 1941 பிப்ரவரியில் ஓர் அவசரச் சட்டம் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. இந்தியா லண்டனில் பட்டிருந்த ஸ்டெர்லிங் கடனை, சேர்ந்துகொண்டிருந்த ஸ்டெர்லிங்கை வைத்தே அடைக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. வெளியேறும் ஸ்டெர்லிங்கின் இடத்தில் ரூபாய்ப் பத்திரத்தை வைக்க இடம் வேண்டியிருந்தது. கடனாளியாக இருந்த நாடு கடன் கொடுத்த நாடாக மாறிய பெரிய கதை, ஏட்டில் ஒரு வரம்பு நீங்கியதாக மட்டுமே தெரியும்.

தங்கம் மட்டும் அசையவில்லை. சட்டம் விதித்த பழைய விலையில், 44 கோடி ரூபாய்க்குச் சற்று மேல், வாரா வாரம் அதே எண். ஸ்டெர்லிங் பத்திரங்களோ 60 கோடி அளவிலிருந்து ஆயிரம் கோடியைத் தாண்டின. போருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு வரிகளையும் காட்டுங்கள். உடனே கையில் கிடைக்காத ஸ்டெர்லிங்கை வாங்கிக்கொண்டு இந்தியா சரக்கைக் கொடுத்தது. அதன் சுமை விலைவாசியாக ஏறி, அன்றாடம் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறவர் தலையில் விழுந்தது.

கணக்காண்டு மாற்றத்தைப் போரோடு முடிச்சுப் போட்டு எழுத ஆசை வரும். வேண்டாம். தேதி ஒத்துப்போவது காரணம் ஆகாது. போர்க்காலத்தில் நடந்த நிர்வாக முடிவு வேறு, போருக்காக நடந்த முடிவு வேறு. உங்கள் குறிப்பேட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டு வையுங்கள். ஒரு ரூபாய் நோட்டும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் இரண்டாவதில் வரும். கணக்காண்டு முதலாவதில் வரும்.

எங்கே பார்ப்பது? புனேயில் ரிசர்வ் வங்கியின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால், 1935 முதல் 1951 வரையான காலத்துக்கு வங்கியே வெளியிட்ட வரலாற்றுத் தொகுதியை அதன் இணையதளத்தில் படித்துவிடுங்கள். இன்னொரு தடயமும் தருகிறேன். 1939 அக்டோபரில் மத்திய வாரியத்தின் செயலாளர் ஆனவர் சி. டி. தேஷ்முக். 1941 டிசம்பரில் துணை கவர்னர் ஆனார். கவர்னர் ஜேம்ஸ் டெய்லர் 1943 பிப்ரவரியில் பதவியில் இருக்கும்போதே இறந்த பிறகு, ஆகஸ்ட் 11-இல் முதல் இந்திய கவர்னர் ஆனார். வாரியத்தின் தாள்களோடு பழகிய செயலாளரே பின்னால் கவர்னராகிறார். அவருடைய பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் பல கோப்புகள் திறக்கும்.

கடைசியாக ஒன்று. பொறுப்புப் பக்கத்தில் நோட்டுகள் இரண்டு வரியாகப் பிரிந்திருக்கும்: இந்தியாவில் செல்லுபடியாகுபவை, பர்மாவில் மட்டும் செல்லுபடியாகுபவை. 1937-இல் பர்மா பிரிந்த பிறகும் அதன் நோட்டை ரிசர்வ் வங்கிதான் வெளியிட்டது. மொத்தத்தை மட்டும் எடுத்து ‘இந்தியாவில் புழங்கிய நோட்டு’ என்று எழுதிவிடாதீர்கள். மேல் வரியைத் தனியாக எடுங்கள். 1942 மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது, ஏப்ரல் 5-ஆம் தேதியோடு பர்மாவின் நாணய நிர்வாகம் வங்கியின் கையை விட்டுப் போனது. அந்த வாரங்களில்தான் நம் ஊர்க்காரர்கள் பலர் காடும் மலையும் தாண்டி நடந்தே இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் மடியில் முடிந்துவைத்திருந்த பர்மா நோட்டு, அந்தக் கீழ் வரியில் ஐந்து ரூபாயாகவோ பத்து ரூபாயாகவோ எண்ணப்பட்டிருக்கிறது.