வளரும் நாடு வளர வேண்டுமானால் ஆறு கெடத்தான் செய்யும் என்பது சரிதானா?

பொருளாதாரப் பாடத்துக்காகக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "முதலில் வளர்வோம், அப்புறம் சுத்தம் செய்துகொள்ளலாம்" என்று யாராவது வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எனக்கு இது வீட்டு விவகாரம்.

அப்பா திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் ஆற்று ஓரமாக நான்கு ஏக்கர் தோட்டம். அப்பா ஊற்றியது அப்புச்சி கிணற்றில் போய்ச் சேர்ந்தது. என் பள்ளிக் கட்டணம் சாயத்தில் வந்தது. விடுமுறையெல்லாம் அந்தக் கிணற்றடியில் கழிந்தது. அதனால் 'தொழிலுக்கு எதிரி' என்று பின்னூட்டம் போடக் காத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். பனியனும் போடுகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அணை 1992ல் பாசனத்துக்காகக் கட்டியது. சில வருடங்களிலேயே அதில் நின்றது சாயக்கழிவுதான். கடைசியில் விவசாயிகளே "தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று கேட்கும்படி ஆனது. அணைத் தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி கெஞ்சியதை வேறெங்காவது கேட்டிருக்கிறீர்களா?

வெளியூர்க்காரர்கள் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் பெரும்பாலும் படிந்துவிடும். கொன்றது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். கரும் நிறங்களுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவார்கள். கடல்நீரிலேயே 35 கிராம்தான். துணி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், உப்பைப் பிடிக்காது. போட்டதெல்லாம் தண்ணீரோடு வெளியே வரும். லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக்கூடாது என்று விதி உண்டு. அந்தக் காலத்துச் சுத்திகரிப்பு நிலையங்களோ நிறத்தை எடுத்துவிட்டு உப்பை அப்படியே ஆற்றில் விட்டன.

அப்புச்சி தோட்டத்தில் முதலில் மஞ்சள் போனது. அப்புறம் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. தென்னை மட்டும் நின்றது, இளநீர் கரித்தது. தீபாவளிக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் அப்புச்சி அப்பாவிடம் கேட்பார்: "ஏனுங் மாப்ள, இந்த வாரம் என்ன கலருங்க ஓடுது?" ஒரு நாளும் கோபமாகக் கேட்டதில்லை, மாப்பிள்ளை மரியாதை. அப்பா "நேவி புளூங்க மாமா" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

நஷ்டஈடு வந்ததே என்பீர்கள். வந்தது, அப்புச்சிக்கு வரவில்லை. கூட்டுப் பட்டா. பங்காளி ஒருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். வரப்பு ஒன்றரை அடி தள்ளியிருக்கிறதாம். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனாலும் அந்த ஒன்றரை அடியில் இன்றைக்கு வேலிக்காத்தான் முள் தவிர ஒன்றும் முளைக்கவில்லை என்பதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006ல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2009ல் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளுக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. கழிவு ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்பதுதான் பேச்சு. அப்படியும் வந்தது. 2011 ஜனவரி 28 அன்று, சுமார் 700 பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு. அப்பாவுக்கு வேலை போனது. முதலாளி கார் விற்றதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் வளையல் போனது. துணி லாரியேறி வெளியூர் போய்ச் சாயமேறி வந்தது. அந்த ஊர்த் தண்ணீரை யார் பார்த்தார்கள்?

ஆனால் பாருங்கள், அப்புறம் ஆர்.ஓ. (சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிப்பது), எவாப்பரேட்டர் (மிச்ச உப்புநீரைக் காய்ச்சி வற்றவைப்பது) எல்லாம் வைத்து, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துக்கொண்டு பட்டறைகள் ஓடத்தான் செய்கின்றன. அரசாங்கம் வட்டியில்லாக் கடனும் கொடுத்தது. சாயக்கூலி ஏறியது. அதற்காக ஏற்றுமதி செத்துப்போய்விடவில்லை, முன்பைவிடப் பெருகியிருக்கிறது. அப்படியென்றால் முதலிலேயே செய்திருக்கலாம், இல்லையா? செய்யாத வருடங்களுக்கான கூலியை அப்புச்சி தன் தோட்டத்தால் கட்டினார். (ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் பட்டறை இன்றும் உண்டே என்று ஒருவர் வருவார். உண்டு, மறுக்கவில்லை.)

அப்புச்சி இப்போது இல்லை. அப்பா ஆர்.ஓ. வைத்த ஒரு பட்டறையில் மறுபடி வேலைக்குப் போகிறார். தோட்டத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா திருப்பூரிலிருந்து 20 லிட்டர் கேன் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொள்வார், பருப்பு வேகவைக்க.