8 ஜிபி ராம் லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஆப் எழுத முடியுமா?

பெங்களூரு மடிவாளாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும், எமுலேட்டரை (லேப்டாப்புக்குள்ளேயே போன் போல ஓடும் மென்பொருள்) மட்டும் மறந்துவிடுங்கள். ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு அதையும் ஓட்டினால் மெஷின் திணறும். கையிலிருக்கும் போனிலேயே சோதிக்கலாம்: செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணையுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் என்றால் லேப்டாப்புக்குப் போன் தெரியவே தெரியாது. பலரும் முழிப்பது இங்கேதான்.

ஆப் எழுதத் தேவையான ஜாவா கருவித்தொகுப்பான ஜேடிகே, ஸ்டுடியோவுடனேயே வந்துவிடும். ஹார்டு டிஸ்க் இருந்தால் முதலில் அதைவிட வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், அப்புறம் ராம். இரண்டும் பெங்களூரில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், உங்கள் லேப்டாப்புக்கு டிடிஆர்3 வகை ராம் வேண்டுமா, டிடிஆர்4 வேண்டுமா என்று பார்த்துக்கொண்டு போங்கள். சில மெல்லிய மாடல்களில் ராமை மாற்றவே முடியாது.

ஐபோன் ஆப் என்றால் கதை வேறு, அதை எழுதும் மென்பொருளான எக்ஸ்கோட் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில்தான் ஓடும்.