அன்பான தேவனுக்கு ஏன் பயப்பட வேண்டும்? அன்றாட வாழ்க்கையில் தேவபயம் என்பது என்ன?

நரகத்தைக் காட்டியே வளர்க்கப்பட்டதாகவும், இப்போது "தேவனுக்குப் பயப்படு" என்று கேட்டாலே மனம் சலித்துப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சலிப்பு நியாயமானது. உங்களுக்கு ஊட்டப்பட்டது பீதி. வேதம் சொல்லும் பயம் வேறு. அது எனக்குப் புரிந்தது தரங்கம்பாடிப் பக்கம் ஒரு நெற்களத்தில்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாமா நெல் வியாபாரி. சம்பா அறுவடையில் அவருக்காகக் களம் களமாகப் போய் எடை போடுவேன். மூட்டைக்கு 60 கிலோ என்பது பேச்சு. தராசு அறுபத்தொன்றரையைக் காட்டும்வரை அள்ளிப் போட்டுவிட்டு "அறுபது" என்று குரல் கொடுத்துச் சாக்கைத் தைக்கச் சொல்வது மாமா கற்றுக்கொடுத்த வழக்கம். யாராவது கேட்டால் சாக்கு எடை, ஈரக் கழிவு என்று சொல்லிக்கொள்ளலாம். தை மாதத்தில் ஒருநாள், தனியாக வாழும் ஒரு பாட்டியின் களத்தில் 14 மூட்டை பிடித்தேன். அவருக்கு எண் படிக்கத் தெரியாது. தராசில் சிவப்பாக மின்னிய எழுத்தை அவர் பார்க்கவே இல்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு முறை "அறுபது" என்றதும் ஒரு புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொண்டார். கடைசியில் பணத்தைக் கொடுத்தபோது, அதை அப்படியே என்னிடம் திருப்பி நீட்டி, "சரியாக இருக்கிறதா, நீயே எண்ணிச் சொல் தம்பி" என்றார். எண்ணிச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. எங்களுடையது லுத்தரன் சபை. 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கிய கரை எங்களுக்குக் கூப்பிடு தூரம். சபையின் முழு அங்கத்தினராவதற்கு முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில், விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்தவன் நான். 1529இல் வெளிவந்த அந்தச் சிறு நூலில், ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்திலும் தேவனுக்குப் பயப்படுவதும் அவரை நேசிப்பதும் சேர்ந்தே வரும். களவு செய்யாதே என்பதற்கு, வஞ்சக வியாபாரத்தால் அயலான் பொருளைப் பறிக்காதே என்பதோடு அது விட்டுவிடாது. அவன் பொருளும் பிழைப்பும் பெருக உதவி செய் என்கிறது. அன்று பாவ அறிக்கை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நரகமும் நினைவுக்கு வரவில்லை. பணத்தை நீட்டிய அந்தக் கைதான் வந்தது.

மறுநாள் 21 கிலோ நெல்லுக்கான பணத்தோடு போய், செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத் தெரியவே தெரியாதே தம்பி, பிறகு ஏன் வந்தாய்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் பிற்பாடு லேவியராகமம் 19:14இல் கிடைத்தது. செவிடனை நிந்திக்காதே, குருடன் முன்னே தடுக்கல்லை வைக்காதே, உன் தேவனுக்குப் பயந்திரு என்கிறது அந்த வசனம். செவிடனுக்கு வசவு கேட்காது. குருடனுக்குக் கல்லை வைத்தவன் யாரென்று தெரியாது. இருவராலும் பிராது கொடுக்க முடியாது. அந்த இடத்தில்தான் தேவன் தம்மை நிறுத்துகிறார். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குக் கீழ்ப்படியாத மருத்துவச்சிகள் தேவனுக்குப் பயந்தவர்கள் என்று யாத்திராகமம் சொல்கிறது. முந்தைய அதிபதிகள் ஜனங்களைப் பாரப்படுத்தி வாங்கியதைத் தான் வாங்காததற்கு யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியா சொல்லும் காரணமும் இந்தத் தேவபயமே.

பீதி அப்படிச் செய்யாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தபோது, இது தேவகோபம் என்று சிலர் பேசினார்கள். பிள்ளையைப் போல வளர்த்த மரங்களை இழந்து நின்றவர்களிடம் அப்படிப் பேசியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. சீனாய் மலை புகைந்து இடி முழங்கியபோது நடுங்கிய ஜனங்களிடம் மோசே முதலில் சொன்னது "பயப்படாதிருங்கள்" என்பதுதான். நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு அவரைப் பற்றிய பயம் உங்கள் முன் இருக்கவே அவர் வந்தார் என்பது அதன் பிறகே வருகிறது. ஒரே வசனத்தில் ஒரு பயத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைத் தருகிறார்.

இப்போது நானே நெல் பிடிக்கிறேன். தராசின் முகம் நெல்லுக்குரியவர் பக்கம் இருக்கும். வெறும் சாக்கை அவர் முன்னால் நிறுத்துக் காட்டிய பிறகே கழிப்பேன். எண் தெரியாதவர் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வேன். உங்கள் வேலையில் யாரால் உங்களைச் சரிபார்க்க முடியாது என்று பாருங்கள். கணக்குக் கேட்காத கூலியாளோ, வீட்டிலிருக்கும் வயதான தாயோ, கட்டணச் சீட்டைப் படிக்கத் தெரியாதவரோ. அவர் முன்னால் தொடங்குங்கள்.

பாட்டிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பருவத்தில் நான் எடை போட்ட மற்றக் களங்களின் கணக்கு என்னிடம் இல்லை. மாமாவும் காலமாகிவிட்டார். திருவிருந்துக்கு முழங்காற்படியிடும் ஒவ்வொரு முறையும் அந்தக் களங்களை நினைவிலிருக்கும் வரிசையில் ஒவ்வொன்றாகத் தேவனிடம் சொல்கிறேன்.