வெசாக் தன்சலுக்குப் போகலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் நாகர்கோவில்காரன், கொழும்பில் வேலை. கூட வேலை செய்யும் சிங்கள பௌத்த நண்பர், புத்தரின் பிறப்பைக் கொண்டாடும் வெசாக் அன்று அவர்கள் தெருத் தன்சலில் (எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் பந்தல்) பரிமாற வரச்சொல்கிறார். போனால் விசுவாசத்துக்கு இடறல் ஆகுமா? போகும்போது ஒரு சின்ன சுவிசேஷப் புத்தகத்தை அன்பளிப்பாகக் கொடுக்க நினைக்கிறேன். சமய உரையாடல் என்று ஆரம்பித்தாலே அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார். பௌத்தர்களுக்கு ஏன் இதில் ஆர்வமே இல்லை?

ஸ்டான்லி

அன்புள்ள ஸ்டான்லி,

போங்கள். வத்திக்கானே 1995 முதல் வருடா வருடம் பௌத்தர்களுக்கு வெசாக் வாழ்த்து அனுப்புகிறது. நீங்கள் சிஎஸ்ஐ, போப் சொன்னால் எனக்கென்ன என்பீர்களானால் அதை உங்கள் போதகரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. ஆர்வம் இல்லையாமே! தம்பி, முதலில் கதவைத் திறந்தவர்களே அவர்கள்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த மிஷனரிகளுக்கு எத்தனையோ விகாரைகளில் தங்க இடம் கொடுத்தார்கள், பிக்குகள் பௌத்த அறவுரை சொல்லும் மண்டபத்திலேயே பிரசங்கம் செய்யவும் விட்டார்கள். வந்தவர்களுக்கோ அது மரியாதையாகத் தெரியவில்லை, தங்கள் மதத்தின் மேல் பிடிப்பில்லாத சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டார்கள். கோகர்லி என்ற மெதடிஸ்ட் பாதிரியார் பௌத்த நூல்களின் மொழியான பாலியைப் படித்தார், அசலான அறிஞர், அந்தப் படிப்பை வைத்தே பௌத்தத்தை மறுத்துப் புத்தகமும் போட்டார். இவ்வளவும் ஆன பிறகுதான் பிக்குகள் அச்சுக்கூடம் வைத்தார்கள், 1873இல் பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் ஆயிரக்கணக்கானோர் முன்னால் பாதிரியாரோடு வாதுக்கு நின்றார். அதை மட்டும் பிடித்துக்கொண்டு பௌத்தர்கள் சண்டைக்காரர்கள் என்று நம் ஆட்கள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கொட்டாஞ்சேனையில் கொஞ்ச காலம் ஒண்டியிருந்தேன். புனித லூசியா பேராலயம் அங்கேதான், குணானந்தரின் விகாரையும் பக்கத்திலேயே. எதிர்வீட்டு மேரி அக்கா, யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், வெசாக் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்து காகித விளக்குக் கூடு கட்டுவார். மூங்கில் சிம்பை நூலால் இறுக்கி, மைதா பசையை விரலால் இழுத்துத் தடவி, டிஷ்யூ தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. பசை காய்வதற்குள் யாராவது தொட்டால் அர்ச்சனை விழும், சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி. அவரிடம் போய் சமய உரையாடல் என்றால் என்னக்கா என்று கேட்டிருந்தால் என்னையும் திட்டியிருப்பார்.

அதே தெருக்களில்தான் 1883 ஈஸ்டர் அன்று பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர்கள் அடித்தார்கள். நியாயம் கிடைக்காமல், பௌத்தர்களுக்காக ஆல்காட் என்ற அமெரிக்கர் லண்டன் வரை போய் முறையிட்டதன் பலனாக 1885இல் வெசாக் அரசு விடுமுறை ஆனது. உங்களுக்குக் கிடைக்கிற அந்த லீவு நம் ஆட்கள் தடி தூக்கியதால் வந்தது, ஞாபகம் இருக்கட்டும். உங்கள் நண்பருக்கு இந்த வருடமெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே வந்து கையில் புத்தகத்தைத் திணிக்கிறவர்களைப் பற்றி அவர் வீட்டில் பாட்டி ஏதாவது சொல்லி வைத்திருப்பார்.

வேறு மாதிரியும் ஆட்கள் இருந்தார்கள். மைக்கேல் ரொட்ரிகோ என்ற கத்தோலிக்கக் குரு 1980இல் புத்தல என்ற ஊருக்குப் போய், ஏழை பௌத்த விவசாயிகள் நடுவில் குடியிருந்தார். மதம் மாற்ற வந்தவர் என்ற சந்தேகம் அங்கும் இருந்தது. அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, மூலிகை, விவசாயம், நிலப் பிரச்சினை என்று அவர்களோடேயே கிடந்தார். 1987 நவம்பரில் பூசை வைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் பெயர் உங்கள் சபையில் ஒருவருக்காவது தெரியுமா?

அந்தப் புத்தகம் வேண்டாம். அவராகக் கேட்டால் அப்புறம் பார்க்கலாம். தன்சலுக்கு நேரத்தோடு போய்விடுங்கள், அண்டா கழுவவும் ஆள் தேவைப்படும்.